'அது' என்று சொல்லலாமா? பவணந்தியாரும் இமாம் நவவியும் சொல்லித் தருவது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

திருநங்கை ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்பதா, 'அவள்' என்பதா என்ற வாக்குவாதம் இப்போது எங்கள் கரையிலும் கேட்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊரிலும் தேநீர்க்கடையில், ஆசிரியர் ஓய்வறையில், வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது செய்தி வந்தால் போதும். ஒருவர் 'அவன்' என்கிறார், இன்னொருவர் 'அவள்' என்று திருத்துகிறார், மூன்றாமவர் சிரித்துக்கொண்டு 'அது' என்கிறார். பிறகு செய்தி மறந்துபோய் சண்டை இந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடுகிறது. "இது மேற்கு நாட்டுக்காரன் கொண்டுவந்த பிரச்சினை, நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

மேற்கில் இந்தச் சண்டை பெரிதாக நடக்கிறது என்பது உண்மை. ஆனால் கேள்வி அங்கே பிறந்ததல்ல. தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறவர்களுக்கும் கிதாபு ஓதியவர்களுக்கும் இது பழைய கேள்வி. அந்தப் பழைய பதில்களை எடுத்துவைப்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

முதலில் மொழியைப் பார்ப்போம். உலகத்தில் எல்லா மொழிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. துருக்கி, பாரசீகம், மலாய் மூன்றிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுட்டுப்பெயர் ஒன்றுதான். அங்கே இந்த வாக்குவாதம் எழ இடமே குறைவு. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரில் மட்டும் வேறுபாடு உண்டு, வினைச்சொல்லில் இல்லை. தமிழில் அப்படித் தப்ப முடியாது. 'வந்தான், வந்தாள், வந்தார், வந்தது' என்று வினைமுற்றே பாலைக் காட்டுகிறது. ஒரு மனிதர் வந்தார் என்று சொல்வதற்குள் அவர் யார் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதனால்தான் தமிழ் இலக்கணக்காரர்கள் இதை மிகப் பழைய காலத்திலேயே யோசிக்க வேண்டி வந்தது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இந்தப் பேச்சு வருகிறது. ஆண்மையிலிருந்து திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்குத் தனியான விகுதி கிடையாது. அது உயர்திணையின் விகுதிகளைக் கொண்டே முடியும் என்கிறார் தொல்காப்பியர். அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களுக்கும் அதே விதியைச் சொல்கிறார். பிறகு இன்னொரு நூற்பாவில், அப்படித் திரிந்தவரைச் சொல்லும் பெயர் ஆண்பாற் சொல்லைக் கொண்டு முடியாது என்றும் சொல்லிவிடுகிறார். 'பேடி வந்தாள்', 'பேடியர் வந்தார்' என்றவாறு உரையாசிரியர்கள் அதை விளக்குவார்கள். அதாவது 'அவன்' என்ற சொல்லை அவர்கள்மேல் வலிந்து ஏற்றக்கூடாது என்பது தமிழின் கைக்கெட்டிய மிகப் பழைய இலக்கண நூலிலேயே இருக்கிறது.

அடுத்து நன்னூல். நாம் வகுப்பில் திணை, பால், எண், இடம் என்று படிப்பிப்பதற்கெல்லாம் வழிகாட்டி நன்னூல்தான். அதை எழுதிய பவணந்தி முனிவர் சமணர், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். பெயரியலில் அவர் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விரும்புகிறவர் ஆண்பால். ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை விரும்புகிறவர் பெண்பால். அவர் கையாளும் வினை 'அவாவுதல்'. உள்ளம் எதை நாடுகிறதோ அதைக் கொண்டு பாலைச் சொல் என்கிறார். இன்று திருநங்கை, திருநம்பி என்று நாம் சொல்லும் இரு சாராரையும் எண்ணூறு வருடத்துக்கு முன்பே பிரித்து, இரு சாராருக்கும் விதி வைத்திருக்கிறார்.

ஆனால் அதே நூற்பாவின் கடைசி அடியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் சொல்லப்படுவர் என்றும் இருக்கிறது. பவணந்தியார் அதைப் புகழ்ந்து சொன்னாரா, அன்றைய வழக்கைப் பதிந்தாரா என்று பட்டிமன்றம் வைக்கலாம். எப்படியிருந்தாலும் அவர் முதலில் வைத்தது உயர்திணை, கடைசியில் சேர்த்தது அஃறிணை. நம் சனம் முதல் இரண்டு அடியையும் மறந்துவிட்டு மூன்றாவது அடியை மட்டும் பிடித்துக்கொண்டது.

இலக்கியத்திலும் இவர்கள் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் 'பேடு' ஒன்று. மணிமேகலையில் புகார் நகர வீதியில் சனம் கூடிநின்று பேடியின் கூத்தைப் பார்க்கிறது. சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள் நமக்குப் பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்தவர். ஆகவே இதெல்லாம் எங்கோ இருக்கிற சங்கதி அல்ல. நம் வாசற்படியில் கிடந்த ஏடுதான்.

பெயர்ச்சொல்லும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'பேடி' என்பது காலப்போக்கில் கோழையைத் திட்டும் சொல்லாயிற்று. 'அலி' என்பதும் வசையாயிற்று. தமிழ்நாட்டில் 1990களில் 'அரவாணி' என்ற சொல் பரவியது. கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவோடும் பாரதக் கதையில் வரும் அரவானோடும் சேர்ந்த பெயர் அது. ஒரு சமயக் கதைக்குள் மட்டும் நிற்கிற பெயர் எல்லோருக்கும் பொருந்தாது என்ற பேச்சு வந்தது. அதன்பிறகு நிலைத்ததுதான் 'திருநங்கை'. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் முன்வைத்த சொல் என்று பரவலாக அறியப்படுவது. 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் திகதி, தன் பால் அடையாளத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு, பத்திரிகையும் அலுவலகங்களும் எந்தச் சொற்களைப் பாவிக்க வேண்டும் என்று ஒரு சொற்பட்டியலையே தமிழ்நாடு அரசு வர்த்தமானியில் வெளியிட்டது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. 'நங்கை' என்றால் பெண். 'திருநங்கை' என்று மரியாதையாகத் தொடங்கி, அதே வசனத்தை 'வந்தான்' என்று முடித்தால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் புள்ளி குறைப்போம்.

சரி, இலக்கணம் அப்படியிருக்கட்டும். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதுதான் நமக்கு முக்கியமான கேள்வி. நாங்கள் ஆலிம்கள் அல்ல. ஃபத்வாச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. நூல்களில் இருப்பதை ஒரு வரலாற்று மாணவராக எடுத்துச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மதீனாவில் 'முகன்னத்' என்று அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள்: நடை, பேச்சு, பாவனையில் பெண்மை உள்ள ஆண்கள். பெண்கள்மீது ஆசை இல்லாதவர்கள் என்று கருதப்பட்டதால் வீட்டுக்குள் பெண்களிடம் போய்வர அவர்களுக்கு அனுமதி இருந்தது. உம்மு ஸலமா (ரழி) அவர்களின் வீட்டில் அப்படியான ஒருவர், தாயிஃப் முற்றுகையின்போது, ஒரு பெண்ணின் உடலை ஆணொருவருக்கு வர்ணித்துச் சொன்னார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் இனி இவர்கள் உங்களிடம் வரக்கூடாது என்று தடுத்தார்கள். இது புகாரியில் இருக்கிறது. பெண்களைப் போல் பாவனை செய்யும் ஆண்களையும், ஆண்களைப் போல் பாவனை செய்யும் பெண்களையும் சபித்த ஹதீஸும் புகாரியில் இருக்கிறது. அதை யாரும் மறைக்கத் தேவையில்லை.

அந்த ஹதீஸ் யாரைக் குறிக்கிறது என்று நம் இமாம்கள் யோசித்தார்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹபுக்காரர். 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களை அறியாத மத்ரஸாப் பிள்ளை நம் ஊரில் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் அவர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். படைப்பிலேயே அப்படி அமைந்தவர் ஒரு வகை; அவர் வலிந்து எதையும் செய்யவில்லை, ஆகவே அவர்மேல் பழியும் இல்லை, குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. இயல்பில் அப்படி இல்லாமல் வேண்டுமென்றே பாவனை செய்பவர் மற்ற வகை. ஹதீஸின் கண்டனம் அவருக்கே. பிறகு வந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) இதற்கு ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: முதல் வகையினரும் கொஞ்சம் கொஞ்சமாக அதை விட முயல வேண்டும், முயன்றும் முடியாதவர்மேல் பழியில்லை என்று.

இமாம் நவவி டமஸ்கஸ் பக்கத்து நவா ஊரில் 1233இல் பிறந்து 1277இல் மரணித்தவர்கள். பவணந்தியாரும் அதே 13ஆம் நூற்றாண்டுக்காரர்தான். ஒருவர் மத்ரஸாவில் நமக்கு உஸ்தாத், மற்றவர் பள்ளிக்கூடத்தில். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவருக்கு முன்னாலிருந்தது ஹுக்மு, மற்றவருக்கு முன்னாலிருந்தது விகுதி. ஆனாலும் தீர்ப்புக்கு முன் இருவரும் மனிதரின் உள்ளே பார்த்தார்கள். ஒருவர் 'இது இயல்பா, பாவனையா?' என்று கேட்டார். மற்றவர் 'உள்ளம் எதை நாடுகிறது?' என்று கேட்டார். வெளித் தோற்றத்தைக் கண்டவுடன் சிரித்து முடித்துவிடவில்லை.

பிறப்பிலேயே உடலில் இரு குறியும் கலந்திருப்பவரை ஃபிக்ஹில் 'குன்ஸா' என்பார்கள். தொழுகையில் எந்த ஸஃப்பில் நிற்பது, வாரிசுரிமையில் எவ்வளவு பங்கு என்றெல்லாம் அவர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. உடற்குறிகளால் தீர்மானிக்க முடியாத இடத்தில், பருவமடைந்த பின் அவருடைய இயல்பான நாட்டம் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்வதை ஏற்பது ஷாஃபிஈ நூல்களில் வருகிறது. குன்ஸாவும் திருநங்கையும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பக்கூடாது. நாங்கள் சொல்லவருவது, 'அவரிடமே கேளுங்கள்' என்பது நம் ஃபிக்ஹுக்குப் புதிய வார்த்தை அல்ல என்பதை மட்டும்தான்.

இன்றைய முஸ்லிம் நாடுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஈரானில் 1980களில் கொமெய்னி பால்மாற்றச் சத்திரசிகிச்சையை அனுமதித்தார். மலேசியாவில் அதே காலத்தில் தேசிய ஃபத்வாக் குழு அதைத் தடுத்து, குன்ஸாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. எகிப்தில் 1988இல் அல்அஸ்ஹர் மருத்துவபீட மாணவர் ஒருவரின் வழக்கு எழுந்தபோது, அன்றைய முஃப்தி ஸெய்யித் தன்தாவி, மருத்துவத் தேவை இருந்தால் சரி, வெறும் விருப்பத்துக்காக அல்ல என்ற வரையறையோடு பதில் சொன்னார். பாகிஸ்தானில் 2009இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் உரிமையை ஏற்றது. 2018இல் சட்டம் வந்தது. 2023இல் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம், தானாக உணரும் பால் அடையாளம் பற்றிய பிரிவுகள் ஷரீஅத்துக்கு முரண் என்றது. ஆகவே "இஸ்லாத்தில் இதற்கு ஒரே பதில்தான்" என்று மேசையில் அடிப்பவரும், "இஸ்லாத்தில் தடையே இல்லை" என்பவரும் முழுக் கதையைச் சொல்லவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் விட்டுப்போன 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் இன்னும் இருக்கின்றன. கோவையின் 399ஆம் பிரிவு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றியது. உடுத்த உடுப்பைக் காரணம் காட்டி இவர்களைப் பிடிக்க அது பாவிக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில், 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. உளநல வைத்திய நிபுணர் பார்த்து, சிகிச்சையின் கீழ் வந்தவருக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்ற முடியும். பிறகு அடையாள அட்டையையும் மாற்றலாம். பதிவாளர் நாயகம் திணைக்களமும் அதே வருடம் தன் உத்தியோகத்தர்களுக்குச் சுற்றுநிருபம் அனுப்பியது.

அப்படியென்றால் இன்று இலங்கையில் ஒருவரின் அடையாள அட்டையில் 'பெண்' என்று அரசாங்கமே எழுதியிருக்கலாம். அந்த அட்டையோடு அவர் பிரதேச செயலகத்துக்கு வருகிறார். வரிசையில் நிற்பவர் "அது முன்னுக்குப் போகுது பாருங்க" என்கிறார். இப்படி ஒவ்வொரு கந்தோரிலும் நடந்தால், காய்ச்சலுக்கு மருந்தெடுக்கக்கூட அந்த மனிதர் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க விரும்பமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வரவு இடாப்பு வாசிக்கும்போது ஒன்பதாம் இலக்கம் வந்தால் ஆண்பிள்ளைகளின் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். ஆசிரியராக இருக்கிற யாருக்கும் இது தெரியும். அந்த இலக்கத்துக்குரிய பிள்ளை சாதாரணமான பிள்ளை என்றால் அடுத்த நிமிடம் மறந்துபோகும். நடையிலோ குரலிலோ கொஞ்சம் மென்மை உள்ள பிள்ளை என்றால் அந்தச் சிரிப்பு இடைவேளைக்கும் போகும், ரியூசனுக்கும் போகும், பள்ளிவாசல் ஹவ்ளடிக்கும் போகும். இப்படி ஒரு பிள்ளை தரம் 10இல் வருவதை நிறுத்திக்கொண்டதை நாங்கள் அறிவோம். கெட்டிக்காரப் பிள்ளை. பிறகு ஊரிலும் இல்லை. அந்தப் பிள்ளை எந்தப் பால் என்று யாருக்கும் இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை பேச்சு மென்மையான ஓர் ஆண்பிள்ளைதான். வசை விழும்போது யாரும் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

இனி நம் ஊரிலுள்ள மூன்று நிலைப்பாடுகளைப் பார்ப்போம்.

ஒரு சாரார், "அல்லாஹ் படைத்தபடிதான் சொல்லவேண்டும். 'அவள்' என்று சொன்னால் நாங்கள் அதை ஆமோதித்ததாகிவிடும். பொய்க்குச் சாட்சியாக முடியாது" என்கிறார்கள். இதை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. சொல்லுக்குப் பொறுப்பு உண்டு என்று நினைப்பவர்களின் தயக்கம் இது. மஹ்ரம், ஸஃப்பு, வாரிசுப் பங்கு போன்றவை ஒரு சொல்லால் குழம்பிவிடுமோ என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது.

இன்னொரு சாரார், "ஒருவர் எப்படி அழைக்கச் சொல்கிறாரோ அப்படி அழைப்பதுதான் மரியாதை. பேரை மாற்றிக்கொண்டவரைப் புதுப் பேரால் கூப்பிடுகிறோம்தானே" என்கிறார்கள். அரசாங்கமே 'பெண்' என்று ஏற்றவரை நாம் 'அவன்' என்பது என்ன நியாயம் என்ற அவர்களின் கேள்விக்கும் பதில் வேண்டும். நன்னூலும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

மூன்றாவது சாரார் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் வாதாடுவதில்லை, 'அது' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். "சின்னப் பிள்ளையையும் 'அது அழுகுது' எண்டுதானே சொல்றம்" என்று சமாளிப்பார்கள். பிள்ளையை 'அது' என்பது செல்லம். இருபது முப்பது வயது மனிதரை, அவர் காதில் விழும்படி 'அது' என்பது செல்லம் இல்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

முதல் இரண்டு சாராரும் ஒருவரோடொருவர் வாதாடட்டும். அந்த வாதத்தில் அறிவு இருக்கிறது. ஆலிம்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் சேர்ந்து பேசவேண்டிய விடயம் அது. மூன்றாவது நிலைப்பாட்டுக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் ஆதாரம் இல்லை. சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. அங்கே யாருக்கும் விதிவிலக்குச் சொல்லப்படவில்லை. அபூதாவூதில் ஒரு அறிவிப்பு வருகிறது: கையிலும் காலிலும் மருதாணி இட்ட ஒரு முகன்னத் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்படுகிறார். அவரை ஊரைவிட்டு விலக்கி வைத்தார்கள். ஆனால் கொல்லலாமா என்று கேட்கப்பட்டபோது, தொழுகிறவர்களைக் கொல்வது தமக்குத் தடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி முஹத்திஸ்களிடையே பேச்சு உண்டு. அதைப் பதிந்த இமாம் அபூதாவூத் (ரஹ்) எந்தக் கிதாபில் வைத்தார்கள் தெரியுமா? 'அதபு' என்ற கிதாபில். ஒழுக்கம் பற்றிய பாகத்தில்.

முதல் சாராருக்கும் இரண்டாம் சாராருக்கும் இடையில் நிற்க தமிழ் ஒரு நல்ல சொல்லை வைத்திருக்கிறது. 'அவர்'. அதிபரையும் 'அவர்' என்கிறோம், மீன் கொண்டுவருகிறவரையும் 'அவர்' என்கிறோம், பெரியம்மாவையும் 'அவர்' என்கிறோம். அதில் பொய் இல்லை, ஆமோதிப்பும் இல்லை, அவமானமும் இல்லை. 'அவள்' என்று சொல்ல மனம் ஒப்பாதவர் 'அவர்' என்று சொல்லலாம். 'அவள்' என்று அழைக்கப்பட விரும்புகிறவருக்கு அது முழுத் திருப்தி தராமல் இருக்கலாம். ஆனாலும் அவர் உயர்திணையில் நிற்பார். அவருடைய பெயரைத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. பெயரைச் சொல்லிக் கூப்பிட எந்த இலக்கணமும் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடாப்பு வாசிக்கும்போது இலக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை வாசியுங்கள். யாரும் சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட வேண்டாம். திணையும் பாலும் படிப்பிக்கும் நாளில் தொல்காப்பியரும் பவணந்தியாரும் சொன்ன இந்த விதியையும் இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோர்களும் வீட்டில் 'ஒம்போது' என்ற பேச்சு வந்தால் சிரித்துவிட்டுப் போகாமல் தடுங்கள்.

நம் ஊரில் யார் மௌத்தானாலும் அறிவித்தலில் 'அன்னார்' என்றுதான் வாசிக்கிறோம். பணக்காரர், ஏழை, ஆண், பெண் எல்லோருக்கும் அந்த ஒரே சொல். கட்டிலில் கிடத்திய பிறகு தயங்காமல் கொடுக்கிற மரியாதை அது. வீதியில் நடந்துபோகிறவருக்கும் 'அவர்' என்று அதைக் கொடுக்கலாம். அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக.